குஞ்சிதபாதம் கை படாத படம்

குஞ்சிதபாதம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் குடும்பப் படத்தை அய்யாசாமி ஒருநாளும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார். ஆனால் அந்தப் படத்தில் குஞ்சிதபாதம் எத்தனை விரல் அகலம் இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், அவர் சம்சாரம் தனபாக்கியத்தின் புடவைக் கரையில் எத்தனை அன்னம், பின்னால் நிற்கும் மருமகன் சட்டையில் எந்தப் பொத்தான் போடவில்லை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்.

இரண்டு பேரும் நெய்வேலி இருபத்தொன்றாம் பிளாக்கில் பதினெட்டு வருஷமாக அடுத்தடுத்த குவார்ட்டர்ஸ். நடுவில் ஒரு வேலி. இந்தப் பக்கம் அய்யாசாமி, கோவில்பட்டிக்காரர், மைன்ஸில் பெல்ட் செக்‌ஷன் ஃபோர்மேன். அந்தப் பக்கம் குஞ்சிதபாதம், சேத்தியாத்தோப்புக்காரர், ஆபீஸ் வேலை, எப்போதும் ஜெனரல் ஷிப்ட். அய்யாசாமி மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும்போது முகத்தில் மீசை எது, மண் எது என்று தெரியாது. குஞ்சிதபாதம் காலையில் பவுடர் போட்டுக்கொண்டு போவார், சாயங்காலம் அதே பவுடரோடு திரும்பி வருவார். பொறாமை முதலில் அந்தப் பவுடரில்தான் முளைத்தது.

அப்புறம் அதற்குத் தண்ணீர் ஊற்ற ஆளே தேவைப்படவில்லை. இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் வைத்த கொய்யாக் கன்றில் குஞ்சிதபாதத்தினுடையது காய்த்துக் குலுங்கியது. இவருடையது இலை மட்டும் விட்டது. குஞ்சிதபாதம் கோயிலில் பாடினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்; இவர் பாடினால் இவர் சம்சாரம் விஜயகுமாரி திரும்பிப் பார்ப்பாள், போதும் என்று. இதையெல்லாம் பகவான் பார்த்துக்கொள்வார் என்று அய்யாசாமி விட்டுவைத்திருந்தார். ஆனால் சிங்கப்பூரில் இருக்கும் மகள் குஞ்சிதபாதத்துக்கு ஒரு பெரிய கேமரா வாங்கிவந்து கொடுத்தாள் பாருங்கள், அன்றைக்குப் பகவானும் அந்தப் பக்கம் போய்விட்டார்.

குஞ்சிதபாதம் வீட்டிலேயே, தன் குடும்பத்தைத் தானே படம் எடுத்தார். பெரிதாக்கி மாட்டினார். பிளாக்கே வந்து பார்த்தது. காபி குடித்தது. போனது. அதைக்கூட அய்யாசாமி பொறுத்தார். பொங்கலுக்கு பிளாக்கில் பெண்களுக்குக் கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடும் போட்டி வைத்தார்களே, அதைக் குஞ்சிதபாதம் படம் எடுத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. தனபாக்கியம் ஒரு பிரதி கொண்டுவந்து கொடுத்தாள். அதில் விஜயகுமாரி கரண்டியைத் தவறவிட்டுவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அய்யாசாமி அந்தப் படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்து எண்ணினார். பதினாலு பல் தெரிந்தது.

கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தார். மூன்று பல். அதன் பிறகு தான் எடுத்த படங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் பார்த்தார். காதுகுத்து, திருச்செந்தூர், ஊட்டி. ஒரு பல் கிடையாது. எல்லாவற்றிலும் விஜயகுமாரி ரேஷன் கார்டுக்குப் போஸ் கொடுத்த மாதிரி நின்றாள்.

"என்னங்க எண்ணுறீங்க?"

"ஒண்ணுமில்ல. நான் எடுத்த ஒரு படத்துலயாவது இந்த மாதிரி சிரிச்சிருக்கியா நீ?"

"நீங்க எடுக்கும்போது ஆடாத, அசையாத, மூச்சு விடாதன்னு சொல்லுவீங்க. மூச்சு விடாம எப்படிங்க சிரிக்கிறது?"

"அவன் எடுத்தா மட்டும் சிரிப்பு வருதாக்கும்."

"அந்தண்ணன் எடுத்ததே எனக்குத் தெரியாதுங்க. எலுமிச்சம்பழம் உருண்டு போயி ஜி.எம். சார் காலடியில நின்னுச்சு. அதான் சிரிச்சேன்."

அய்யாசாமிக்கு எலுமிச்சம்பழம் காதில் விழவில்லை. 'அந்தண்ணன்' என்பது மட்டும் விழுந்தது.

இப்படி இருக்கையில்தான் கோவில்பட்டியிலிருந்து போன் வந்தது. மகள் ஹரிணிக்கு அங்கே ஒரு வரன் பார்த்திருந்தார்கள். பையன் தங்கமான பையன். ஜாதகம் பொருந்திவிட்டது. ஹரிணியின் படத்தைப் பார்த்துப் பிடித்துவிட்டது. இப்போது பையனின் பெரியப்பா துபாயிலிருந்து வந்திருக்கிறாராம். குடும்பத்தில் அவர் பேச்சுதான் பேச்சாம். திங்கட்கிழமை காலையில் திரும்பிப் போகிறாராம். பெண்ணைப் பெற்றவர்கள், கூடப் பிறந்தவன் எல்லாரும் சேர்ந்தாற்போல் ஒரு படம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்பினால், முகங்களைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாராம்.

ஹரிணி போனை எடுத்து எடுத்துப் பார்ப்பதிலிருந்தே அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது. விஜயகுமாரி சாமி மாடத்தில் ஒரு ரூபாய் முடிந்து வைத்தாள். முடிந்துவிட்டுத் திரும்பி, மெதுவாகச் சொன்னாள்.

"ஒரு வார்த்தை சொன்னா குஞ்சிதபாதம் அண்ணன் கேமராவ எடுத்துகிட்டு வந்துருவாரு. அஞ்சு நிமிஷத்துல..."

"வேணாம்."

"ஏங்க?"

"என் குடும்பத்த நான் எடுப்பேன். என் வீட்டுல வச்சு எடுப்பேன். அவன் கை இதுல படக்கூடாது."

"அப்பா, பஜார்ல ஸ்டுடியோவுக்குப் போயிரலாமே" என்றாள் ஹரிணி.

"ஸ்டுடியோவுல பின்னாடி ஒரு நீலத்துணி, முன்னாடி ஒரு பொய்ப்பூ. அவன் மட்டும் வீட்டுல எடுப்பான், நாம துணிக்கு முன்னாடி நிக்கணுமா?"

"அப்ப செல்போன்ல செல்ஃபி எடுத்துரலாம்ப்பா."

"கைய நீட்டிகிட்டு, பஸ்ல கம்பியப் பிடிச்ச மாதிரி ஒரு குடும்பமா? துபாய்க்காரர் என்ன நினைப்பாரு?"

சென்னையில் வேலை பார்க்கும் மகன் விஷ்ணுவுக்குப் போன் போயிற்று. சனிக்கிழமை அவன் சிநேகிதனுடைய கேமரா ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினான். சிநேகிதன் அதை ஜப்பானில் வாங்கியவன். உள்ளே எழுத்தெல்லாம் ஜப்பான் பாஷை. படம் எடுக்கும் குமிழும், பத்து விநாடி கழித்துத் தானே எடுக்கும் குமிழும் மட்டும் விஷ்ணுவுக்குத் தெரிந்தது. அதுபோதும் என்றார் அய்யாசாமி.

ஞாயிற்றுக்கிழமை. விஜயகுமாரி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, காலண்டரைக் கிழித்துப் பார்த்துச் சொல்லிவிட்டாள். "பன்னெண்டுலேருந்து ஒண்ணரை எமகண்டம். நாலரைக்கு மேல ராகுகாலம். நல்ல காரியத்துக்குப் போற படம். இந்த ரெண்டுலயும் எடுக்கக் கூடாதுங்க."

"எமகண்டம் வரைக்கும் எதுக்குப் போகுது? பத்து மணிக்கு ஆரம்பிச்சா பத்தேகாலுக்கு முடிஞ்சுரும்."

பத்து மணிக்கு எல்லாரும் தயார். அய்யாசாமி பட்டு வேட்டி. விஜயகுமாரி அரக்குப் புடவை. கூடத்துச் சுவரோரம் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. எட்டடி தள்ளி இஸ்திரி மேசை, அதன்மேல் பிரஷர் குக்கர், குக்கர்மேல் மடித்த துண்டு, துண்டின்மேல் கேமரா. கால் வைத்த ஸ்டாண்டு குஞ்சிதபாதத்திடம் இருந்தது என்பதால் ஸ்டாண்டு என்ற சொல்லையே வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

அய்யாசாமி குமிழை அமுக்கினார். ஓடினார். முட்டி ஒரு சத்தம் போட்டது. உட்கார்ந்தார். மீசையைத் தடவினார். கேமரா, பீப், பீப், பீப் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசி இரண்டு விநாடியில் பீபீபீபீ என்று வேகமெடுத்தது. க்ளிக்.

போய்ப் பார்த்தார்கள். படத்தில் ஹரிணி, விஷ்ணு, விஜயகுமாரி. நடுவில் ஒரு காலி நாற்காலி. இடது ஓரத்தில் பட்டு வேட்டியின் நுனி மட்டும் பறந்துகொண்டிருந்தது.

"யாரு என்னத் தள்ளுனது?" என்றார் அய்யாசாமி.

"யாரும் தள்ளலப்பா. நீங்களா எந்திரிச்சுப் போனீங்க."

"நானா?"

மறுபடியும் அமுக்கினார். ஓடினார். உட்கார்ந்தார். பீபீபீபீ. க்ளிக். மறுபடியும் காலி நாற்காலி. மூன்றாவது படத்தில் அவர் இரண்டு கையையும் விரித்து மற்றவர்களைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். ஐந்தாவதில் ஒரு கால் மட்டும் வந்தது. ஏழாவதில் ஹரிணியின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவளைக் காப்பாற்றிவிட்டார்.

விஷ்ணுதான் கண்டுபிடித்தான். "அப்பா, நீங்க பெல்ட்ட விட்டு ஓடுறீங்கப்பா."

அதுதான் விஷயம். மைன்ஸில் கரி சுமக்கும் பெல்ட் ஓடத் தொடங்கும் முன்னால் எச்சரிக்கை ஹூட்டர் அடிக்கும். அடித்தால் யாராயிருந்தாலும் பெல்ட்டை விட்டு விலகி நின்றுவிட வேண்டும். யோசிக்கக் கூடாது. யோசித்தால் கை போய்விடும், கால் போய்விடும். முப்பத்திரண்டு வருஷமாக அதை ஆட்களுக்குச் சொல்லிச் சொல்லி, தானும் விலகி, தன் ஷிப்டில் ஒருத்தருக்கு நகம்கூடப் பெயராமல் பார்த்துக்கொண்டவர் அய்யாசாமி. அதற்காக அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம்கூடப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது கேமரா வேகமாகச் சத்தம் போட்டதும் அவருடைய மூளை, உட்கார் என்றது. கால் கேட்கவில்லை. அது கம்பெனிக் கால்.

"அந்தச் சத்தத்த நிறுத்தித் தொலையேண்டா."

"எந்த எழுத்துன்னு தெரியலப்பா. ஒண்ண அமுக்குனேன், எல்லாம் கறுப்பு வெள்ளையாப் போச்சு. இன்னொண்ண அமுக்குனா என்ன ஆகுமோ."

துண்டை எடுத்து நாற்காலியோடு தன்னைக் கட்டச் சொன்னார். விஷ்ணு கட்டினான். பீபீபீபீ. நாற்காலியும் கூடவே விலகியது.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு மேலே ஒரு பவுடர் முகம் எழுந்தது.

"என்னா அண்ணே, வூட்டுல ஓட்டப்பந்தயமா? காலையிலேருந்து பாத்துகினு இருக்கேன், ஓடிகினே இருக்கீங்க."

"உடற்பயிற்சி" என்றார் அய்யாசாமி, இடுப்பில் நாற்காலியோடு.

"குடும்பத்தோடயா?"

"ஆமா."

"பட்டு வேட்டி கட்டிகினா?"

குஞ்சிதபாதம் எட்டி உள்ளே பார்த்தார். இஸ்திரி மேசையையும் குக்கரையும் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. நல்ல மனுஷர்தான். சிரிக்காமல் சொன்னார்.

"எங்கிட்ட ரிமோட்டு இருக்குதுண்ணே. ஸ்டாண்டும் இருக்குது. கையிலயே வச்சிகினு உக்காந்த இடத்துலேருந்து அமுக்கலாம். தரட்டுமா?"

"வேணாம். எங்க கேமரா ரிமோட்டுக்கெல்லாம் பணியாது."

"அப்ப நானே வேணா வந்து..."

"குஞ்சிதபாதம், உங்க வீட்டுல பால் பொங்குற வாசனை வருது பாருங்க."

அவர் போனார். பால் ஒன்றும் பொங்கவில்லை. பொங்கியது இங்கேதான்.

பன்னிரண்டுக்கு எமகண்டம் பிறந்தது. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அய்யாசாமி ஒரு கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே மறு கையால் கேமராவில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். மொத்தம் பத்தொன்பது. அவர் ஓடிப்போன படங்களில் எல்லாம் விஜயகுமாரி சிரித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது படத்தில் பன்னிரண்டு பல்.

அதற்காகச் சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் பொறாமை பிடித்தவனுக்குக் கணக்கு வேறு மாதிரி வரும். நான் இருக்கும் படத்தில் சிரிக்க மாட்டாள், நான் எழுந்து போனதும் சிரிக்கிறாள் என்று அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தே பொறாமைப்பட்டார். இத்தனைக்கும் அது அவருடைய நாற்காலி.

"அப்பா, மணி ஒண்ணே முக்கால்" என்றாள் ஹரிணி. "அவங்க மெசேஜ் போட்டிருக்காங்க. பெரியப்பா அஞ்சு மணிக்குத் திருநெல்வேலி கிளம்புறாராம். படம் வந்துச்சான்னு கேக்குறாங்க."

மறுபடியும் ஒரு முயற்சி நடந்தது. இந்தத் தடவை அய்யாசாமி நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் இறுகப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கம்பெனிக் காலை ஒன்றன்மேல் ஒன்று போட்டு மிதித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டார். நகரவில்லை. படம் விழுந்தது. பார்த்தார்கள். விழி பிதுங்க, கழுத்து நரம்பு புடைக்க, பல் பிடுங்கும் டாக்டரிடம் மாட்டிக்கொண்டவரைப் போல ஒரு மனிதர் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துப் பயந்த முகத்தோடு அவருடைய மனைவி மக்கள்.

"இதையே அனுப்பிரலாம்" என்றார் அய்யாசாமி, ஈனக் குரலில்.

ஹரிணி எழுந்து உள்ளே போய்விட்டாள். அழுகிறாளா என்று அவரால் எட்டிப் பார்க்க முடியவில்லை. பார்க்கத் தைரியமும் இல்லை.

விஜயகுமாரி இதுவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சாமி மாடத்து விளக்குக்கு எண்ணெய் விட்டாள். திரியைத் தூண்டினாள். அவரைக் கூப்பிட்டாள்.

"என்னங்க. இங்க வந்து நில்லுங்க."

வந்து நின்றார்.

"உங்களுக்கு அந்தண்ணன் கை படக்கூடாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"கேமராவுல படக்கூடாது."

"படக்கூடாது."

"மேசை, குக்கர்?"

"படக்கூடாது."

"நம்ம மேல?"

"அவன் கை எதுக்கு நம்ம மேல... படக்கூடாது. இந்தப் படத்துல எதுலயுமே அவன் கை படக்கூடாது. நான் வேற ஒண்ணும் கேக்கல."

"சரி. சாமிக்கு முன்னாடி சொல்லிட்டீங்க. நானும் சொல்றேன். அவர் கை எதுலயும் படாது. தனபாக்கியம் அக்கா வந்து குமிழ அமுக்கட்டும். பீப்பும் இருக்காது, ஓட்டமும் இருக்காது. அக்கா கைக்கு ஒண்ணும் தடை இல்லையே?"

அய்யாசாமி யோசித்தார். தனபாக்கியத்துக்குக் கேமராவைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. மேசை வைத்தது அவர், குக்கர் வைத்தது அவர், நாற்காலி போட்டது அவர். சுவிட்சைப் போட்டவரையா பெல்ட்டை ஓட்டினார் என்பார்கள்? அதிலும், குஞ்சிதபாதத்தின் சொந்த சம்சாரமே வந்து தன் மேற்பார்வையில் வேலை செய்யப் போகிறாள் என்று நினைத்தபோது காலையிலிருந்து முதல் தடவையாக அவர் வயிறு குளிர்ந்தது.

"வரச் சொல்லு."

விஜயகுமாரி வேலியோரம் போய்ப் பேசிவிட்டு வந்தாள். கொஞ்சம் அதிக நேரம் பேசினாற்போல் இருந்தது. பெண்கள் பேச்சு அப்படித்தான் என்று விட்டுவிட்டார்.

தனபாக்கியம் தலையை வாரிக்கொண்டே வந்தாள். "எந்தக் குமிழுண்ணே?"

"இதான். அமுக்குனாப் போதும். வேற எதையும் தொடக்கூடாது."

"நான் ஏன் தொடறேன். எங்க வூட்டுல கேமரா இருக்கிற பீரோவையே அவரு தொட வுடமாட்டாரு."

விஜயகுமாரி வாசல் கதவை விரியத் திறந்துவிட்டாள். வெளிச்சம் வரட்டும் என்றாள். கேமராவுக்கு நேர் பின்னால் வாசல். வந்து உட்கார்ந்து அவர் வேட்டி மடிப்பைச் சரிசெய்தாள். பிறகு காதோடு சொன்னாள்.

"நீங்க அந்தக் கேமராக் கண்ணாடி நடுவுல கறுப்பா ஒரு புள்ளி இருக்கு பாருங்க, அதையே பாருங்க. என்ன ஆனாலும் கண்ண எடுக்காதீங்க. துபாய்க்காரர் பாத்ததும் ஃபோர்மேன்னு தெரியணும்."

"கொட்டாவி வந்தாக்கூட எடுக்க மாட்டேன்."

எடுக்கவில்லை. புள்ளியைப் பார்த்தார். பக்கத்தில் ஹரிணி களுக் என்றாள். விஷ்ணு குலுங்கினான். வாசலில் தொப் தொப்பென்று ஏதோ சத்தம்.

"என்ன அது?"

"அவங்க வீட்டுக் கொய்யாக்கா விழுதுங்க. புள்ளியப் பாருங்க."

புள்ளியைப் பார்த்தார். விஜயகுமாரி சிரிக்கும் சத்தம் காதருகில் கேட்டது. கரண்டிப் படத்துச் சிரிப்பு. அதுவே. தன் பக்கத்தில், தன் கூடத்தில், தன் கேமராவுக்கு முன்னால். அய்யாசாமிக்கு மார்பு ஒரு சுற்றுப் பருத்தது. க்ளிக்.

போய்ப் பார்த்தார்கள். நாலு பேரும் இருந்தார்கள். மூன்று பேர் முகத்தில் விளக்கு வைத்தாற்போல் சிரிப்பு. நடுவில் அய்யாசாமி, புருவம் நேராக, கலெக்டர் மாதிரி. எண்ணினார். பதினேழு பல்.

மூன்று மணிக்குப் படம் கோவில்பட்டிக்குப் போயிற்று. மூன்றரைக்குப் பையனின் அப்பாவிடமிருந்து பதில் வந்தது. 'படத்தில் பெண்ணின் அப்பா கம்பீரம், மற்ற எல்லாரும் சிரித்த முகம். மனசு நிறைந்துவிட்டது. இப்படிச் சிரிக்கிற குடும்பத்தில் பெண் எடுக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார்கள். வருகிற முகூர்த்தத்தில் வந்து பார்க்கிறோம்.' ஹரிணி போனைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. விஜயகுமாரி அந்த ஒரு ரூபாயை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்த வாரமே அய்யாசாமி படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு மாட்டினார். குஞ்சிதபாதம் வீட்டுப் படத்தைவிட நாலு பக்கமும் ஓர் அங்குலம் பெரிது. எப்படித் தெரியும் என்றால், காபி குடிக்கப் போன சாக்கில், அதைப் பார்க்காமலேயே சாண் போட்டுவிட்டு வந்திருந்தார்.

பிறகு பவுடர் முகத்தை வரவழைத்துப் படத்துக்கு முன்னால் நிறுத்தினார். குஞ்சிதபாதம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். கிட்டே போனார். இன்னும் கிட்டே போனார். திடீரென்று இருமல் வந்துவிட்டது.

"எப்படி?" என்றார் அய்யாசாமி.

"உங்க பார்வை இருக்குதே, அடேங்கப்பா. தங்கச்சி சிரிப்ப நான் என்னாத்த சொல்றது?"

"எல்லாம் எடுக்கற விதத்துல இருக்கு குஞ்சிதபாதம். கேமரா பெரிசா இருந்தா மட்டும் போதாது."

"கரெக்டுண்ணே" என்று சொல்லிவிட்டு அவர் வேகமாகப் போய்விட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் இருமல் கால் மணி நேரம் கேட்டது. பொறாமை வந்தால் மனுஷனுக்கு இருமல்கூட வரும்போல என்று அய்யாசாமி இரக்கப்பட்டார்.

தினம் காலையில் சட்டத்தைத் துடைப்பது அவர் வேலை ஆயிற்று. நிச்சயதார்த்தத்துக்கு நாலு நாள் இருக்கையில், ஒருநாள் அப்படித் துடைத்துக்கொண்டிருந்தபோது, படத்தில் விஜயகுமாரியின் மூக்குக் கண்ணாடியில் ஏதோ அழுக்கு ஒட்டியிருப்பதைக் கண்டார். துடைத்தார். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தார். போகவில்லை. பார்த்தால் அடுத்த பக்கக் கண்ணாடியிலும் அதே அழுக்கு. பஞ்சாங்கம் படிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து வந்தார். ஸ்டூல் போட்டு ஏறினார்.

கண்ணாடிக்குள் ஒரு வாசல் தெரிந்தது. திறந்த கதவு. வெளிச்சம். வெளிச்சத்தில் ஓர் ஆள், தலையில் முண்டாசு, வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு காலைத் தூக்கி, இரண்டு கையையும் ஆகாயத்துக்கு விரித்து, கரகம் ஆடிக்கொண்டிருந்தார். தொப்பையைப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

"விஜயா."

"என்னங்க?"

"இது யாரு?"

விஜயகுமாரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அண்ணாந்து பார்த்தாள்.

"சாமிக்கு முன்னாடி சொன்ன நீ" என்றார் அய்யாசாமி. "அவன் கை படாதுன்னு சொன்ன."

"படலையேங்க. நல்லாப் பாருங்க. ரெண்டு கையையும் மேல தூக்கிகிட்டுத்தானே நிக்கிறாரு."

அய்யாசாமி நல்லாப் பார்த்தார். தூக்கிக்கொண்டுதான் நின்றார்.

"நீங்க பீப்புக்கு ஓடுறீங்க. உக்காந்தா மொறைக்கிறீங்க. ஹரிணி அழுதுட்டா. நான் என்ன செய்யட்டும்? வாசல்ல நின்னு புள்ளைங்களக் கொஞ்சம் சிரிக்க வைங்கண்ணேன்னு கேட்டேன். அவ்வளவுதான்."

"அப்ப நீயும் அவனப் பாத்துத்தான் சிரிச்ச." பூதக்கண்ணாடி அவர் கையில் கனத்தது. "பதினேழு பல்லும் அவனுக்குத்தான்."

"புள்ளைங்கதாங்க அவரப் பாத்துச் சிரிச்சாங்க. நான் அவரப் பாத்துச் சிரிக்கல."

"பின்ன?"

"அங்க ஒரு மனுஷன் அந்தக் குதி குதிக்கிறாரு. நீங்க ஒண்ணுமே தெரியாம அந்தப் புள்ளியவே மொறைச்சுகிட்டு உக்காந்திருந்தீங்க. அதப் பாத்துத்தான் எனக்குச் சிரிப்பு அடக்க முடியலைங்க."

சொல்லும்போதே அவளுக்கு மறுபடியும் வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். இதற்குச் சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று அய்யாசாமிக்கு ஸ்டூல்மேல் நின்றபடி வெகுநேரம் புரியவில்லை.

படத்தைக் கழற்றவும் வழியில்லை. சம்பந்தி வீட்டாருக்கு மனசு நிறைந்த படம். அவர்களும் ஒரு பிரதி கேட்டு வாங்கி, கோவில்பட்டியில் தங்கள் கூடத்தில் மாட்டிவிட்டார்கள். அய்யாசாமி குடும்பத்தில் மொத்தம் நாலு பேர். அவர் குடும்பப் படத்தில் மட்டும் ஆறு பேர் இருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் குஞ்சிதபாதம்.